சீத்தா கேம்ப்பிலிருந்து ஒரு படரசிகன்



அண்மையில் பார்த்த தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு ரசிகனுடைய கருத்தைக் கூறவேண்டும் என்பது எனக்கு இடப்பட்டிருக்கும் பணி. நான் விமரிசகன் அல்லன். படத்தொழிலின் நுணுக்கங்களைப் பயின்றவனும் அல்லன். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இருட்டில் இரண்டரை மணி நேரம் அமர்ந்திருந்து, விளக்கு எரிந்ததும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றவர்களுள் ஒருவன். நான் திரும்புகின்ற வீடு மும்பை மாநகரின் கிழக்கோரத்தில், டிராம்பேயை அடுத்த சீத்தா கேம்ப்பில் இருக்கிறது. நான் சொல்லப்போகும் கருத்துக்களில் நல்லது ஏதேனும் இருப்பின் அதற்கும், கோணல் ஏதேனும் இருப்பின் அதற்கும், அந்த இடமே பெரும்பாலும் பொறுப்பு.

முதலில் படம் பார்க்கச் செல்வதைப் பற்றி. எங்கள் தெருவில் தேநீர்க்கடையில் தமிழ் கேட்கலாம். பள்ளிவாசலுக்கு வெளியே தமிழ் கேட்கலாம். கோயில் வாசலிலும் மாதாகோயில் வாசலிலும் தமிழ் கேட்கலாம். ஆனால் தமிழ்ப் படம் பார்க்கவேண்டுமானால் செம்பூருக்கோ வடாலாவுக்கோ செல்லவேண்டும். அங்கேயும் பல திரைகள் கொண்ட அரங்கில் தமிழ்ப் படத்துக்கு நாளொன்றுக்கு ஒரு காட்சி அல்லது இரண்டு. அந்த ஒரு காட்சியும் வேலைக்குப் போகிறவன் வரமுடியாத காலை வேளையில் இருக்கும். இல்லையேல், வீடு திரும்பப் பேருந்து கிடைக்காத பின்னிரவில் இருக்கும். இரண்டாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சோம்பியிருந்தால் படம் போயே போய்விடும். ஆகையால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: முதல் ஞாயிறு தவறினால் அந்தப் படத்தை மறந்துவிடுவது. நல்ல படங்கள் சிலவற்றை இவ்விதியால் இழந்திருக்கிறேன்.

என் இளமையில் இப்படி இல்லை. மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளின் அரோரா கொட்டகை எங்களுக்கு ஊர்க் கொட்டகை போலிருந்தது. மான்கூர்டில் ரயிலேறி, வடாலாவில் மாறி, கிங்ஸ் சர்க்கிளில் இறங்குவோம். இறங்கியவுடன் தமிழ் காதில் விழும். மல்லிகைப்பூ மணம் மூக்கில் ஏறும். திரு. ரஜினிகாந்தின் ‘கபாலி’ 2016-இல் வெளியானபோது, விடியுமுன்பே அங்கு கூடி உருவப்பலகைக்குப் பாலூற்றிய இளைஞர்களைப் பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. பாலைத் தெருவில் ஊற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைக்குப் பால் வாங்கக் கணக்குப் பார்க்கிற வீடுகள் நிறைந்த இடத்தில் வாழ்பவன் நான். ஆயினும் அந்த விடியற்காலையில் மும்பையின் ஒரு நாற்சந்தி சில நாழிகைக்கு நம்முடையதாயிருந்தது என்பதை எண்ணி மகிழாமலும் இருக்க முடியவில்லை.

இனிப் படங்களுக்கு வருகிறேன்.

2025 ஆகஸ்டு 14-ஆம் நாள் ‘கூலி’ வெளிவந்தது. லோகேஷ் கனகராஜின் இயக்கம், அனிருத்தின் இசை, ரஜினிகாந்த் திரையுலகில் அடியெடுத்து வைத்து ஐம்பது ஆண்டு நிறைவுறும் வேளை. என் மகன் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கே எங்கள் ஐவருக்கும் சீட்டு வாங்கிவிட்டான். வாசலில்தான் தெரிந்தது, தணிக்கைக் குழு அதற்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்று. பேத்திக்குப் பன்னிரண்டு வயது, பேரனுக்கு ஒன்பது. வாயிற்காப்பாளர் மரியாதையாகவே மறுத்தார். குற்றம் அவருடையதன்று, சுவரொட்டியைப் படியாத எங்களுடையது. மகன் பிள்ளைகளோடு திரும்பிவிட, நானும் என் மனைவியும் உள்ளே போனோம். பேரன் அழுத முகத்துடன் மின்படியில் இறங்கிப் போனது படம் முடியும்வரை என் கண்முன் நின்றது. பிள்ளைகளோடு பார்த்துப் பழகிய ஒரு நடிகரின் படத்தில், பிள்ளைகள் பார்க்கலாகாத அளவுக்கு வெட்டும் குத்தும் எதற்கு? கேட்டால், காலம் மாறிவிட்டது என்பார்கள். காலம் தானாக மாறுவதில்லை. கத்தரிக்கோலும் காமிராவும் வைத்திருப்பவர்கள் மாற்றுகிறார்கள்.

இந்தப் படத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு வழக்கு உண்டு. என் தந்தையார் பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ‘கூலி’ என்ற சொல்லை அவர் வீட்டில் உச்சரித்ததே இல்லை. “கோதிக்குப் போறேன்” என்றுதான் சொல்வார். கோதி என்பது கப்பல்துறைக்கு இந்த ஊர் வழக்கு. படத்தில் கதாநாயகர் 1421 என்ற எண் பொறித்த வில்லையை அணிகிறார். பேருந்து நடத்துநராயிருந்த தம் தந்தையின் வில்லை எண் அது என்று இயக்குநர் கூறியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாயிற்று. ஏனெனில் என் தந்தையாரின் வில்லையும் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்றும் கிடக்கிறது. ஆனால் படத்திலே நடப்பதென்ன? விசாகப்பட்டினத்துத் துறைமுகம் வருகிறது, கடத்தல் வருகிறது, பன்மொழி நட்சத்திரங்கள் ஒருவர்பின் ஒருவராக வருகிறார்கள். இந்தியிலிருந்து ஆமிர்கான் வந்து போகிறார். மூட்டை சுமக்கிறவர்கள் மட்டும் கூட்டமாகப் பின்னால் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருடைய பெயரேனும் நம் நெஞ்சில் தங்குவதில்லை. சுமையினால் தோள் காய்த்துப்போவதும், மழைக்காலத்தில் கப்பல் வராமல் அடுப்பெரியாதிருப்பதும், முகாதமுக்கு வாயில்லாமல் பணிவதும் ஒரு காட்சியிலாவது வந்திருக்கலாகாதா? பெயரைக் கூலிக்குக் கொடுத்துவிட்டுக் கதையை முதலாளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ரஜினிகாந்த் அவர்களைக் குறைகூற இடமில்லை. அந்த வயதில் அந்த நடை வேறு எவருக்கும் வாராது. சத்யராஜுக்கும் அவருக்கும் உள்ள நட்பை இன்னும் இரண்டு காட்சி நீட்டியிருந்தால், முக்கால் மணி நேரச் சண்டையை நான் மன்னித்திருப்பேன்.

‘கூலி’க்கு மூன்றரை மாதம் முந்தியது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே முதல் நாள் வெளிவந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இதுவே முதற்படம் என்றார்கள், நம்ப முடியவில்லை. இலங்கையில் பொருளாதாரம் சீர்குலைந்தபின் ஒரு குடும்பம் கள்ளத்தோணியில் இராமேசுவரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. அவர்கள் எவரென்று தெரிந்துவிடக்கூடாது. ஆகையால் வாய் திறந்து பேசக்கூடாது, அக்கம்பக்கத்தாரோடு பழகக்கூடாது என்று மைத்துனர் கட்டளையிடுகிறார். பழகாமல் இருக்க அவர்களால் முடிகிறதா? முடியவில்லை. அதுவே கதை. சசிகுமாரும் சிம்ரனும் பெற்றோராக வருகிறார்கள். சிம்ரன் எங்கள் மும்பையில் பிறந்தவர், பஞ்சாபிக் குடும்பத்துப் பெண். அவர் ஈழத்து அன்னையாக நின்றதைக் கண்டு என் மனைவி அடைந்த பெருமைக்கு அளவில்லை. தம் மகளுக்குப் பரிசு கிடைத்ததுபோல் தெருவெல்லாம் சொல்லிவந்தாள்.

படத்தின் நடுவில் அந்தத் தெருவில் ஒரு மூதாட்டி இறந்துபோகிறாள். கதவை அடைத்துக்கொண்டு தனித்தனியே வாழ்ந்த தெரு, வந்தேறிய குடும்பத்தின் முயற்சியால் ஒன்றாகக் கூடி அவளை வழியனுப்புகிறது. அந்தக் கட்டம் சற்று இனிப்பு மிகுந்ததென்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்லமாட்டேன். எங்கள் சந்தில் ஒருவர் இறந்தால் பந்தல்கால் நடுவதற்கு மதமும் மொழியும் பார்த்து ஆள் வருவதில்லை. கைக்கு எட்டியவன் நடுகிறான். அந்த இளைஞர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை, ஆயினும் சரியாகவே எடுத்துவிட்டார்.

என்னைத் தைத்தது வேறொன்று. பேசினால் பிடிபடுவோம் என்ற அந்த அச்சம்! 1966-ஐ அடுத்து வந்த ஆண்டுகளில், தென்னாட்டார் இந்நகரில் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்ற கூக்குரல் எழுந்தபோது, என் தாயார் புறவண்டியில் ஏறினால் வாய் திறக்கமாட்டாளாம். இறங்கவேண்டிய நிலையம் வந்தால் என் அண்ணனைக் கிள்ளுவாளாம். நான் கைக்குழந்தை, அழுதால் தாலாட்டுக்கூடப் பாடாமல் மடியில் போட்டு ஆட்டுவாளாம். வீட்டில் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். திரையில் சிம்ரன் பிள்ளையின் வாயைப் பார்த்து மருண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே காட்சியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. இங்கே தமிழ்ப் படங்களை ஆங்கில அடிவரியோடு காட்டுகிறார்கள். என் பேத்திக்குத் தமிழ் செவிக்குப் பாதி எட்டும். ஆங்கிலம் கண்ணுக்கு முழுதும் எட்டும். ஈழத்துப் பேச்சு அவளுக்குப் பிடிபடவே இல்லை. “தாத்தா, இது எந்த ஊர் மொழி?” என்றாள். ஆயினும் அடிவரியைப் படித்துவிட்டு, வசனம் முடியுமுன்பே அவள் சிரித்துவிடுவாள். பின்னர் நான் சிரிப்பேன். என் மனைவி எங்கள் இருவருக்கும் பிறகு, யாராவது விளக்கியபின் சிரிப்பாள். அவளுக்குக் காது சற்று மந்தம். ஒரு குடும்பம் ஒரே நகைச்சுவைக்கு மூன்று தவணையில் சிரித்தது. அந்த அடிவரியை நான் வெறுத்து வந்தவன். படத்தின்மேல் ஈ மொய்ப்பதுபோல் இருக்கிறதென்று குறை சொல்லி வந்தவன். அதில்லாவிட்டால் பேத்தி என்னோடு தமிழ்ப் படத்துக்கு வரமாட்டாள் என்பது அன்றுதான் விளங்கியது. இந்த ஞானத்துக்கு விலை ஆளுக்கு 300 ரூபாய்க்கு மேல், சோளப்பொரி நீங்கலாக.

அவ்வாண்டு தீபாவளிக்கு ‘பைசன்’ வந்தது. மாரி செல்வராஜின் படம். துருவ் விக்ரம் கதாநாயகர். 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய மணத்தி கணேசன் அவர்களுடைய வாழ்க்கையைத் தழுவிய கதை. சாதிப்பகை மூண்டு கிடக்கும் தூத்துக்குடிச் சீமையில், ஆடுகளத்துக்குப் போகவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டிய ஓர் இளைஞன். இதற்கு என் பக்கத்து வீட்டு நண்பரை அழைத்துச் சென்றேன். மராத்தியர், இளமையில் பரேல் பக்கத்து மண்டலுக்காகக் கபடி ஆடிய கால்கள் அவருடையவை. தமிழ் தெரியாது, ஆங்கில அடிவரியும் அவருக்குப் பயனில்லை. “அண்ணா, கபடிக்கு எதுக்கு மொழி?” என்று கிளம்பிவிட்டார். ஆட்டக் காட்சிகளில் அவர் இருக்கையில் இல்லை. பாதி எழுந்து நின்றார். எதிராளியின் கணுக்காலைப் பிடிக்கவேண்டிய நேரத்தில் மராத்தியில் கூவினார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் கூவினார்.

திரும்பும்போது நண்பர் ஒரு கேள்வி கேட்டார்: “அந்தப் பையனின் அப்பா ஏன் எப்போதும் பயந்துகொண்டே இருக்கிறார்?” பசுபதி நடித்த தந்தையைத்தான் கேட்டார். வசனம் ஒன்றுகூடப் புரியாதவருக்கு அச்சம் புரிந்திருக்கிறதென்றால், பசுபதியின் நடிப்பைப் பற்றி நான் வேறென்ன சொல்வது? கேள்விக்கு விடை சொல்லத்தான் எனக்கு நா எழவில்லை. என் தந்தையார் அந்தச் சீமையை விட்டு வந்ததும் பிழைப்புக்காக மட்டுமன்று என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம். படத்தில் குறை உண்டு. இரு பெருந்தலைகளின் பகையையும் பழிவாங்கலையும் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில், ஆட்டக்காரனின் மனம் பல இடத்தில் மறைந்துவிடுகிறது. எனினும் அது எங்கள் பேச்சு, எங்கள் பனைமரம், எங்கள் வெட்கம்.

‘மெய்யழகன்’ 2024 செப்டம்பரில் வந்தது, பிரேம்குமார் இயக்கம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன ஒருவர், இருபத்திரண்டு ஆண்டு கழித்து நீடாமங்கலத்தில் ஒரு திருமணத்துக்கு வருகிறார். அங்கே ஓர் உறவினர் அன்பைப் பொழிகிறார். ஆனால் அவர் பெயர் என்ன என்பது இவருக்கு நினைவுக்கு வரவில்லை, கேட்கவும் கூச்சம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஓர் இரவு முழுதும் பேசிக்கொண்டிருப்பதுதான் படம். நீளமென்று குறை எழவே, வெளிவந்தபின் சுமார் 18 நிமிடத்தை வெட்டினார்கள். நான் பார்த்தது வெட்டுவதற்கு முன்பு. வெட்டியது சரியென்றே நினைக்கிறேன். நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டையிடுகிறார்கள்.

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் உங்களில் எத்தனை பேருக்கு அந்தச் சங்கடம் நேர்ந்திருக்கும்! ஊர்த் திருமணத்தில் ஒருவர் வந்து, “என்னைத் தெரியுதா அண்ணாச்சி?” என்று கையைப் பற்றுவார். தெரியாது. “தெரியாமலா?” என்று சிரிப்போம். பெயரை எவராவது சொல்லி அழைக்கமாட்டார்களா என்று பந்தி முடியும்வரை காத்திருப்போம். இதைப் படமாக்கலாம் என்று தோன்றியதே பெரிது. ஆனால் படம் முடிந்தபின் ஒரு மனத்தாங்கல் எனக்கு மிஞ்சியது. தஞ்சாவூர் வீடு ஊஞ்சலும் முற்றமும் கொண்ட வீடு. ஊரில் எங்களுக்கு இழக்க அப்படி ஒரு வீடு இருந்ததில்லை. நாங்கள் இழந்த வீடு இதே மும்பையில் இருந்தது.

அதைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் முதலில் இருந்தது ஜனதா காலனி. நகரத்து நடைபாதைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட இடம். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தை ஒட்டியது. அந்நிலம் நிலையத்துக்கு வேண்டியிருந்தது. வழக்குகள் நடந்தன, ஊர்வலங்கள் நடந்தன, டில்லிவரை தூது நடந்தது. இறுதியில் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மே மாதத்தில், காலனியை இடித்து எங்களைச் சதுப்பு நிலமாயிருந்த சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு எட்டு வயது. லாரியில் என் மடியில் ஒரு கோழியையும் சுவர்க்கடிகாரத்தையும் வைத்திருந்தார்கள். அடுத்து வந்த மழைக்காலத்தை என் தாயார் கடைசிவரை மறக்கவில்லை.

அந்தப் போராட்டத்தை நடத்தியவர் ஒரு தமிழர்: ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து இளம்பருவத்தில் பம்பாய் வந்து தச்சுவேலை செய்தவர். காலனியில் குப்பையை மாநகராட்சி அள்ளாதபோது, சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலகத்தின் முன்பே கொண்டுபோய்க் கொட்டச் செய்தவர். பின்னாளில் குடிசைவாழ் மக்களின் தேசியக் கூட்டமைப்பைக் கட்டினார். 2000-இல் மகசேசே விருது பெற்றார். 2018 அக்டோபரில் காலமானார். ஆயுதம் எடுக்காமல், ஆள்பலத்தாலும் அறிவாலும் அரசாங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தவர். இவரைப் பற்றித் தமிழில் ஒரு பெரிய படம் நான் பார்த்ததில்லை.

பார்த்ததெல்லாம் என்ன? 1987-இல் ‘நாயகன்’. பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் தோட்டா தரணி சென்னையிலேயே எழுப்பிய தாராவியும் கமலஹாசனின் நடிப்பும் தேசிய விருது பெற்றன, பெற்றது நியாயமே. பத்தொன்பது வயதில் அதை மூன்று முறை பார்த்தேன். ஆனால் அதன்பிறகு மும்பைத் தமிழன் என்றால் திரையில் ஒரே தொழில்தான். ‘பாட்ஷா’வில் தாதா, ‘தலைவா’வில் தாதா. என் மகன் கோயம்புத்தூரில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது, மும்பை என்று சொன்னதும் உடன்பயில்வோர் அவனை “பாய்” என்று கூப்பிட்டார்களாம். அவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டான்.

‘காலா’வை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2018-இல் பா. ரஞ்சித் எடுத்த அந்தப் படத்தில் நாயகன் தாதாவே ஆனாலும், சண்டை நிலத்துக்காக. வீட்டைப் பெயர்க்க வருகிறவர்கள் வரைபடத்தோடும் இனிய சொல்லோடும் வருவார்கள் என்பதை அது சரியாகக் காட்டியது. நானா படேகரின் வெள்ளுடையும் புன்சிரிப்பும் கண்டு கொட்டகையில் எனக்கருகே இருந்த முதியவர், “இதே சிரிப்புத்தான்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். எந்தச் சிரிப்பென்று நான் கேட்கவில்லை. ஈஸ்வரி ராவின் செல்வி, எங்கள் தெருவில் நாள்தோறும் தண்ணீர்க் குழாயருகே நான் காண்கிற பெண்மணி. 2022-இல் வந்த ‘வெந்து தணிந்தது காடு’ம் முற்பாதியில் உண்மை பேசியது. ஜெயமோகனின் கதை, கௌதம் மேனன் இயக்கம். தென்மாவட்டத்து முள்ளுக்காட்டிலிருந்து புறப்பட்ட பையன் மும்பையில் ஒரு பரோட்டாக்கடைக்கு வந்து சேருகிறான். வேலையாட்கள் வரிசையாகப் படுத்துறங்கும் அந்த அறை, மாவு பிசையும் கைகள், ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும் மாறுகிற குரல்: சிலம்பரசன் இவற்றில் நட்சத்திரமாக இல்லாமல் பையனாகவே இருந்தார். இடைவேளைக்குமுன் கையில் துப்பாக்கி வந்துவிட்டது. மாவைப் பிசைந்துகொண்டே அவன் வாழ்ந்திருந்தால் படம் ஓடாது என்று எவரோ கணக்கிட்டிருக்கவேண்டும். மாவு பிசைந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் எங்கள் சந்தின் முனையில் இருக்கிறார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்தார். “கல்லுச் சூடு சரியா காமிச்சிருக்கான்” என்பதே அவர் சொன்ன கருத்து.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்துத் திரும்பிய இரவில், பேருந்துக்கு நின்றிருந்தபோது, பேத்தியிடம் ஜனதா காலனியைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. இடிப்பையும் லாரியையும் சொன்னேன். அவள் கேட்டது, “அங்கே தியேட்டர் இருந்ததா தாத்தா?” என்று. தியேட்டர் ஏது! பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். வாடகை இயந்திரத்தில் தமிழ்ப் படம் ஓடும். முன்பக்கம் பெரியவர்கள், சிறுவர்களுக்கு இடம் துணியின் பின்பக்கம். அங்கிருந்து பார்த்தால் கதாநாயகர் இடக்கையால் வாள் வீசுவார். எழுத்தெல்லாம் தலைமாற்றி வலமிடமாகத் தெரியும். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழ்ச் சொல் ‘சுபம்’. அதையும் ‘ம்’ முன்னால் வரப் படித்தேன். பேத்தி தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சீட்டின் பின்புறத்தில் அதை எப்படி எழுதுவது என்று கேட்டாள். எழுதிக் காட்டுவதற்குள் பேருந்து வந்துவிட்டது.